அந்த ஒரு பல்பு மட்டும்

அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் நடுநடுவே கையை ஆட்ட வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் ஒரு நிமிஷத்தில் தானாக அணையும் என்று அட்டையில் போட்டிருந்த பல்பைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து குளியலறையில் மாட்டியவர் மீட்டர்காரர். வாளி நிறையட்டும் என்று சும்மா நிற்கிற மனுஷி எதற்கு அசைவாள் என்று அதைச் செய்தவனும் யோசிக்கவில்லை, வாங்கினவரும் யோசிக்கவில்லை. மீட்டர்காரரின் அம்மா ஒருநாள் உள்ளேயிருந்து, "டேய், நான் போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சு அணைஞ்சிடுச்சுடா" என்று குரல் கொடுத்தாள். மகன் கதவுக்கு வெளியே நின்று, கையை ஆட்டுங்கம்மா என்று பொறுப்பாக யோசனை சொன்னார்.

மனிதருக்கு வேலை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது. ஒரு நாளைக்கு இருநூறு வீடு. இருநூறு மீட்டரைப் பார்த்த கண் வீட்டுக்கு வந்தாவது ஓயுமா என்றால், அதுதான் இல்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொந்த வீட்டு மீட்டரில் டார்ச் அடித்துப் பார்ப்பார். காலையில் எழுந்ததும் மறுபடியும் பார்ப்பார். தேநீரைக் கையில் வாங்கும்போது, நேற்று நாலே முக்கால் யூனிட், இன்றைக்கு நாலரை என்று அறிவிப்பார். பெற்ற தாய்க்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு அக்கறையாக அளவு பார்த்ததில்லை. தெருவில் எல்லாரும் அவரை மீட்டர்காரர் என்றே சொன்னார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

அவர் மனைவியைத் தெரு பல்காரி என்று சொல்லும். பல் பிடுங்குகிறவள் இல்லை, பல் செய்கிறவள். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அவள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, பீங்கான் மாவைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, நூல் போன்ற தூரிகையால் அடுக்கு மேல் அடுக்காக ஒரு பல்லைக் கட்டி, மேஜை மேல் வைக்கிற சின்னச் சூளையில் சுட்டெடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. அளவெல்லாம் பெரிய விஷயமில்லை, நிறம்தான் விஷயம். பல் வெள்ளை என்று சொல்கிறவர்கள் பல்லை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஈறு ஓரத்தில் ஒரு மஞ்சள் இருக்கும், நடுவில் பால் நிறம் இருக்கும், நுனியில் இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு நீலம் இருக்கும். இதில் எது ஒரு நூல் பிசகினாலும் வாயைத் திறந்ததும் மாட்டிக்கொள்ளும்.

முன்பல் கட்டிக்கொள்கிறவர்களை டாக்டர் நேரே அவள் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். பின்னறை நாற்காலியில் உட்காரவைத்து, உதட்டை விரலால் தூக்கி, பதினாறு மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு திரையை இழுத்துவிட்டு மேஜை விளக்கில் பார்ப்பாள். இரண்டிலும் ஒத்துப்போனால்தான் தூரிகையைத் தொடுவாள். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடி எழுப்பினார்கள். அவர்கள் சுவர் இவள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றுகொண்டது. அதிலிருந்து பகல் வெளிச்சம் போயிற்று, மேஜை விளக்கு ஒன்றே கதி என்று ஆயிற்று.

அதனால்தான் மீட்டர்காரர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற பல்புகளைப் பை பையாக வாங்கி வந்து வீடு முழுக்க மாட்டத் தொடங்கியபோது, பல்காரி பின்னறை வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அடுப்படியை என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள், இந்த ஒரு பல்பு மட்டும் கூடாது என்றாள். அது பழைய காலத்துக் கம்பி பல்பு, அறுபது வாட். கடைகளில் அதை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அவள் ஒரு பெட்டி வாங்கி ஒளித்துவைத்து, ஒவ்வொன்றாகத் தீர்ந்து, இது கடைசி. அறுபது வாட்டா என்று மீட்டர்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஆயிரத்து ஐந்நூறு வாட் இழுக்கிற சூளை உட்கார்ந்திருக்கிறதே, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். அது தொழில், இது கொழுப்பு என்றார் அவர். அரைநாள் வாய்ச்சண்டைக்குப் பிறகு, தன் அம்மாவைச் சாட்சிக்கு வைத்து, சரி தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மற்ற அறைகள் அவர் கையில் சிக்கிச் சீரழிந்தன. மலிவாகக் கிடைக்கும் போதெல்லாம் வாங்கியதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. கூடத்தில் நாலு பல்பு, நாலும் நாலு வெள்ளை. அடுப்படியில் ஒரு நீல வெள்ளை. அதன் கீழே நேற்று வாங்கிய கத்தரிக்காய் போன மாசத்துக் கத்தரிக்காய் போலத் தெரியும். பண்டக அறையில் முதல் தலைமுறைச் சுருள் பல்பு ஒன்று இருந்தது. அதைப் போட்டதும் எரியாது, யோசிக்கும். தேட வந்ததை இருட்டில் தடவி எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு பளிச்சென்று எரியும். தூக்கிப் போடுங்களேன் என்றால், எரிகிற பொருளை எப்படித் தூக்கிப் போடுவது என்பார். பல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இவ்வளவையும் பொறுத்தாள். என்ன ஆனாலும் பின்னறை தன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தொல்லை ஒரு விடுதிப் பெண் ரூபத்தில் வந்தது. விடுதியில் வரவேற்பு மேஜையில் நிற்கிறவள், இருபத்தைந்து வயசு. குளிர்பான மூடியைப் பல்லால் திறக்கப் போய் மேல்வரிசை முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டவள். நல்ல பல் வருகிறவரை உள்ளே உட்கார்ந்து தொலைபேசியை எடு, முன்னால் வராதே என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். தற்காலிகமாக ஒட்டிய பிளாஸ்டிக் பல்லைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள். பல்காரி அவளை உட்காரவைத்து, மேஜை விளக்கைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நிறம் எடுத்து, பல் செய்து அனுப்பினாள்.

பல் திரும்பி வந்தது. மஞ்சள் தட்டுகிறது என்று டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் நிறத்துக்காக ஒரு பல் திரும்பி வந்தது கிடையாது. பல்காரி அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் தெரிந்தது. பெண்ணை மறுபடி வரவழைத்து, மஞ்சளைக் குறைத்து இன்னொன்று செய்தாள். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை சாம்பல் பூத்திருக்கிறதாம். கூடவே டாக்டரே தொலைபேசியில் வந்தார். படித்து முடித்துத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவளிடமே பல் வாங்குகிறவர், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசுகிறவர்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஒரு தடவ கண்ணக் காட்டிப் பாருங்களேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவளோடு படித்த, வயசில் மூத்த ஒருத்தி ஐம்பது வயசில் நிறம் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, யார் கண்ணுக்கும் படாத கடைவாய்ப் பல்லை மட்டும் செய்துகொண்டிருந்தாள். இவளுக்கு நாற்பத்தொன்பது. கை நடுங்கினால் ஓய்வெடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், கண் போனால் எதைக் கொண்டு சரிசெய்வது? அன்றிலிருந்து அவள் கண்ட கண்ட பொருளையெல்லாம் எடுத்துவைத்துத் தன்னையே சோதித்தாள். மாமியாரின் இரண்டு புடவைகளை விரித்து, எது அதிகம் வெளுத்திருக்கிறது சொல்லுங்கள் அத்தை என்று கேட்டு, தான் நினைத்ததோடு ஒத்துப்பார்த்தாள். அடுப்படியில் ஒரு பதில் வந்தது, கூடத்தில் வேறு பதில் வந்தது. எல்லாம் உங்கள் பிள்ளை மாட்டிய பல்பு செய்கிற வேலை என்று எரிந்து விழுந்தாள். அத்தனை எரிச்சலுக்கும் அடியில் ஒரே பயம்தான் இருந்தது. பின்னறையில் இருப்பது பழைய பல்பு. அங்கேயே தப்பாகிறதென்றால் பல்பைக் குறை சொல்ல வழியில்லையே என்ற பயம்.

கண் ஆஸ்பத்திரிக்கு மீட்டர்காரரும் கூட வந்தார். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருக்கிற நேரத்துக்கு அங்கே எரிகிற விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கன்னத்தைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே ஒளி அடித்துப் பார்த்துவிட்டு, வயசுக்குத் தக்கபடி இருக்கிறது என்றார். இந்த வயசில் கண் வில்லை லேசாக மஞ்சள் படியத் தொடங்கும், எல்லாருக்கும் உள்ளதுதான், பயப்படாதீர்கள் என்றார். பயப்படாதீர்கள் என்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மீட்டர்காரர் இரண்டு தடவை ஏதோ பேச வாயெடுத்தார், பிறகு பேசவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முடிவெடுத்துவிட்டாள். இனி நிறம் பார்க்கிற வேலை வேண்டாம், கடைவாய்ப் பல் மட்டும் அனுப்புங்கள், முன்பல்லுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது. மாதிரிப் பற்களையும், நல்ல தூரிகைகளையும், நுனி நீலத்துக்கென்று தானே கலந்துவைத்திருந்த மாவுப் புட்டிகளையும் அவரிடமே கொடுத்துவிடுவது. புதிதாக வருகிறவருக்காவது உபயோகப்படும். அழுதாளா என்றால், அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் அடுக்கினாள்.

மழை மூட்டமாக இருந்த முற்பகல் அது. மேஜை விளக்கு காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. மாமியார் வழக்கம்போல விரல் மூட்டுகளை அந்த விளக்கின் அடியில் காட்டி நீவிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த நாட்களில் அவளுக்கு அதுதான் வைத்தியம். இந்த வருஷம் குளிர் அதிகம், முன்பு மாதிரி உறைக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். இதை மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பல்காரியும் தன் பங்குக்குப் பீங்கான் குழைவு சீக்கிரம் காயமாட்டேன் என்கிறதே என்று பார்த்துவிட்டு, ஈரக் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி நிறைந்துவிட்டது. விளக்கையும் கொடுத்துவிடலாம், பல்பை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழைய துணியை நாலாக மடித்துக்கொண்டு பல்பைப் பிடித்தாள். அந்தப் பல்பு எவ்வளவு சுடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நடுவிரல் கணுவில் அது போட்ட சூடு தழும்பாகவே நின்றுவிட்டது. திருகும்போது துணி நழுவி, உள்ளங்கை முழுசாகக் கண்ணாடியில் பதிந்தது. ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

இழுத்துக்கொண்ட பிறகுதான், சுடவில்லை என்பது உறைத்தது.

மறுபடியும் தொட்டாள். ஆறிப்போன தேநீர்க் குவளை அளவுக்கு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நாலு மணி நேரமாக எரிந்த அறுபது வாட் பல்பை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கழற்றி ஜன்னலிடம் கொண்டுபோனாள். கண்ணாடி அதே உருவம், அதே அளவு. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக நாலு குச்சிகள் நின்றன. அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் ஆறு வாட் என்று போட்டிருந்தது. எரிகிற பல்பை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? தகரக் குடைக்குள் பாதி மறைந்திருக்கிற பல்பை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. கண் போகவில்லை, கண் போகவில்லை என்று உடம்பு முழுக்க ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, சாவகாசமாக வந்தது. இந்த மூன்று மாசத்தில் விடுதிப் பெண்ணைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு முன்பல் செய்து அனுப்பியிருக்கிறாள். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் ஓய்வு பெற்ற ஓட்டுநர். இரண்டு பேரும் குறை சொல்லத் தெரியாத சாதுக்கள். அந்த இரண்டு மனிதர்களும் இப்போது எந்த நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மீட்டர்காரர் வந்தார். செருப்போடு மீட்டரைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், சாப்பாட்டுத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் பல்பு இருப்பதைப் பார்த்தார். அவர் விழித்த விழியைப் பார்த்தாலே விசாரணை தேவையில்லை. இருந்தாலும் பல்காரி விசாரித்தாள்.

மனிதர் மறைக்கவில்லை. வாங்கி மாட்டி மூன்று மாசம் ஆகிறது என்றார். அவள் தூங்கப்போன பிறகு மாட்டினாராம். வெளிச்சத்துக்கு லூமன் என்று ஓர் அளவு இருக்கிறது, பழையதற்கும் புதியதற்கும் அது ஒன்றுதான், அட்டையிலேயே போட்டிருக்கிறது என்று அட்டையை எடுத்துவரப் போனார். அவள் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் தைரியம் வந்தவராக, இன்னொன்றும் சொன்னார். மூன்று மாசம் அவள் கண்டுபிடிக்கவே இல்லையே, அப்படியானால் எந்த வித்தியாசமும் இல்லை என்றுதானே அர்த்தம்? வருஷ முடிவில் கணக்கைக் காட்டி அவளை அசத்தலாம் என்றிருந்தாராம். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "குளிருன்னு நெனச்சு என் விரலத் தேச்சே தேய வச்சிட்டேனேடா" என்றாள்.

பல்காரி கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தவர், அவள் சத்தம் இல்லாமல் பேசியதும் இன்னும் குறுகிப்போனார். மஞ்சளாக வந்த பல்லையும் சாம்பலாக வந்த பல்லையும் அவர் முன்னால் எடுத்துவைத்தாள்.

"எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. என் பையை மடில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. அப்பகூடவா தோணல?"

"வெளிச்சம்னா வெளிச்சந்தானேன்னு இருந்துட்டேன்" என்றார். முன்னால் கிடந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "பஸ்ல வரும்போது ஒரு தடவ தோணுச்சு. சொன்னா நீ சத்தம் போடுவேன்னு விட்டுட்டேன்."

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். கட்டிவைத்த அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கைப்பை இருந்த அதே இடத்தில் வைத்தாள். இதற்குள் என்ன இருக்கிறது, இது எங்கே போக இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நுனி நீலப் புட்டிகளைக் கடைசியாகச் சொன்னாள். மீட்டர்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். தூரிகைகளை அவள் துணியில் சுற்றி நூல் கட்டியிருந்தாள். அவர் அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பழைய பல்பு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை, உடைத்துத் தொலைத்திருப்பார் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் அவரே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எரிகிற பொருளைத் தூக்கிப் போடத் தெரியாதவர் அல்லவா, பஞ்சில் பொதிந்து, செய்தித்தாளில் சுற்றி, கழற்றிய தேதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் மேலே எழுதி, வேலைப் பையின் அடியில் வைத்திருந்தார். இருநூறு வீடு ஏறி இறங்கிய பைக்குள் மூன்று மாசம் குலுங்கியும் கம்பி அறுந்திருக்கவில்லை. அவரே திருகி மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் நெருப்பு நிறத்தில் எரிந்தது. பல்காரி திரும்பி வந்த இரண்டு பல்லையும் அதன் கீழே வைத்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல். டாக்டர் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி, மூன்று வயசுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மன்னிப்பெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை என்னோடு டாக்டரிடம் வர வேண்டும், வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். நான் சொல்லிக்கொண்டால் சாக்குச் சொல்கிறேன் என்றுதான் இருக்கும் என்றாள். தப்பை ஒப்புக்கொண்டு பழக்கமில்லாத மனிதர். ஒரு வீட்டு எண்ணைத் தப்பாக எழுதியபோதுகூட மீட்டர்மேல் பழியைப் போட்டவர். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார்.

டாக்டர் அறையில் விடுதிப் பெண்ணும் இருந்தாள். மூன்றாவது பல்லுக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்க வந்தவள். மீட்டர்காரர் வாசலிலிருந்தே, வீட்டுக்காரர்களிடம் எண் படித்துக் காட்டுகிற குரலில் தொடங்கினார்.

"அவங்க கண்ணு நல்லாருக்கு டாக்டர். நாந்தான் அவங்களுக்குத் தெரியாம பல்ப மாத்தி வச்சேன். ரெண்டு பல்லும் என் தப்புதான்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, பல்காரியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். கண்ணைக் காட்டச் சொன்னதற்கு அவர் பங்குக்கு வருத்தம் தெரிவித்தார். விடுதிப் பெண்தான் சும்மா விடவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டே, "உங்க வீட்டுச் சண்டைக்கு எம்பல்லுதான் கெடச்சுதா ஆன்ட்டி?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆன்ட்டி என்றது மட்டும்தான் பல்காரிக்குப் பிடிக்கவில்லை.

அங்கேயே, கட்டடத்துக்கு வெளியே படிக்கட்டில், பத்து மணி வெளிச்சத்தில் அந்தப் பெண்ணை நிற்கவைத்து நிறம் எடுத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்துவந்து விளக்கடியில் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. அந்தப் பல் வியாழக்கிழமை போயிற்று, திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண் வரவேற்பு மேஜைக்குப் போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். தையல்காரருக்கும் ஓட்டுநருக்கும் பல்காரியே ஆள் விட்டு, வந்து உட்காருங்கள், வேறு பல் செய்து தருகிறேன் என்றாள். தையல்காரர் வந்தார். ஓட்டுநர், இதுவே நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, என் வீட்டில் எல்லாம் இப்படித்தான் தெரிகிறது என்று சொல்லியனுப்பிவிட்டார். அவர் வீட்டில் என்ன பல்பு மாட்டியிருக்கிறார்களோ, யார் கண்டது.

குளியலறையில் இன்னமும் கையை ஆட்ட வேண்டியிருக்கிறது. பண்டக அறைப் பல்பு இன்னமும் யோசித்துவிட்டுத்தான் எரிகிறது. மனிதர் ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல்காரியும் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேநீரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவரும் அந்த ஒரு வாரம் எண்ணை அறிவிக்காமலே எடுத்துக் குடித்தார்.

எட்டாம் நாள் காலையில் அவள் பின்னறையில் வேலையாக இருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் விரலை அதன் அடியில் நீட்டிச் சூடு காட்டிக்கொண்டே, அப்பா, இப்பத்தான் உறைக்கிறது என்றாள். வெளியே மீட்டர்ப் பெட்டியின் கதவு கிறீச்சிட்டது. ஒரு நிமிஷம் கழித்து மீட்டர்காரர் தேநீருக்காக உள்ளே வந்தார். பல்காரி குவளையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எவ்வளவு ஓடிருக்கு?"

மீட்டர்காரர் விளக்கைப் பார்த்தார். விளக்கடியில் பாதி கட்டி நின்ற பல்லைப் பார்த்தார்.

"பாக்கலையே" என்றார்.

அவர் இடது கையில் டார்ச் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பல்பைப் பற்றி அவர் அவளிடம் சொல்கிற இரண்டாவது பொய் அது. பல்காரி அதை அப்படியே விட்டுவிட்டு, தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தாள்.